ஆர்தர் கேவனா என்ற ஜமீன்தார்

முழங்கைக்கு மேலேயே முடிந்த கைகள், முழங்காலுக்கு மேலேயே முடிந்த கால்கள். 1831இல் அயர்லாந்தின் கார்லோ மாவட்டத்தில், போரிஸ் மாளிகையில் ஆர்தர் மக்மரோ கேவனா இப்படித்தான் பிறந்தார். தாயார் லேடி ஹாரியட் பிள்ளையை மூலையில் உட்காரவைத்து வளர்க்கவில்லை. நாற்காலி போன்ற சேணம் ஒன்று செய்து, அதில் அவரை வாரால் கட்டிக் குதிரையேற்றினார்கள். குறைக்கைகளில் கடிவாளத்தைச் சுற்றிக்கொண்டு வேலி தாண்டினார், வேட்டைக்குப் போனார், படம் வரைந்தார்.

1849இல் அண்ணன் தாமஸுடன் புறப்பட்டு ரஷ்யா, பாரசீகம் வழியாக இந்தியா வந்தார். அண்ணன் காசநோயால் இறந்துபோக, கையில் காசில்லாமல் தனித்து நின்றவர் ஔரங்காபாத் பகுதியில் குதிரைமீது தபால் கொண்டுபோகும் வேலை பார்த்தார். இன்னொரு அண்ணனும் இறந்ததால் 1853இல் ஜமீன் இவர் கைக்கு வந்தது.

இதோடு நிறுத்தினால் அருமையான தன்னம்பிக்கைக் கட்டுரை. எனக்கு அப்படி நிறுத்த மனம் வரவில்லை. அவரை அரசியல்வாதியாகவும் எடைபோடுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

நல்ல ஜமீன்தார்தான். போரிஸ் ஊரில் வீடுகளைத் திருத்திக் கட்டினார். மாளிகை முற்றத்து ஓக் மரத்தடியில் உட்கார்ந்து குடியானவர்களின் வழக்குகளைக் கேட்டுத் தீர்த்துவைத்தார். 1866இல் வெக்ஸ்ஃபோர்டிலிருந்தும் 1868 முதல் கார்லோவிலிருந்தும் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போனார்.

1872இல் ரகசிய வாக்கெடுப்பு முறை வந்தது; குடியானவர்கள் ஜமீன்தாருக்குத் தெரியாமல் வாக்களிக்க முடிந்தது. 1880 தேர்தலில் அவருடைய குடியானவர்களே பெருவாரியாக எதிர்த்து வாக்களித்துத் தோற்கடித்தார்கள். அது அவரை ஆழமாகக் காயப்படுத்தியது. மனிதராக அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்களுக்கு வேண்டியிருந்தது கருணை அல்ல, உரிமை: நியாயமான குத்தகை, நிலத்தைவிட்டு விரட்டப்படாத உறுதி, தங்கள் பாத்தியதையை விற்கும் சுதந்திரம். இவற்றைப் பரிந்துரைத்த அரசு ஆணையமான பெஸ்பரோ ஆணையத்தில் கேவனாவும் ஓர் உறுப்பினர். தனியே மறுப்புக் குறிப்பு எழுதினார். 1881இல் அவை சட்டமாயின. அதன் பிறகும், குத்தகையாளர்களை வெளியேற்றியதால் வேறு யாரும் எடுக்காத பண்ணைகளை நடத்த, நில உடைமையாளர்களைத் திரட்டி ஒரு நிறுவனம் அமைக்க முன்னின்றார்.

1889 கிறிஸ்துமஸ் அன்று லண்டனில் காலமானார். சேணத்தில் கட்டுண்டு வேலி தாண்டிய அந்தப் பையனை மனதார வணங்குகிறேன். ஆனால் 1880இல் கார்லோவில் எனக்கு ஒரு வாக்கு இருந்திருந்தால், அதை அவருக்குப் போட்டிருக்க மாட்டேன்.