அனுமதி எங்கே, காசு எதுக்கு?

பெங்களூர்ல இருக்கேன்னு தெரிஞ்சாலே ஊர்ல இருந்து போன் வருதுங்க: "தம்பி, அப்பாவுக்கு ஹார்ட் வீக்கு. நிலத்தை வித்தாவது அங்க ஸ்டெம் செல் ஊசி போட்டுடலாமா?"

வேண்டாங்க. இந்த ஊர் ஸ்டெம்பியூட்டிக்ஸ் கம்பெனியோட ஸ்டெம் செல் மருந்துக்கு அரசு அனுமதி கிடைச்சது கால் ரத்தக்குழாய் அடைப்புக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும்தான். இதயத்துக்கு இல்லை. 500 பேருக்கு மேல வச்சு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ட்ரீம்-எச்.எஃப். சோதனை முடிவு 2023-ல வந்தது. திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடுறது குறையலை.

ஆராய்ச்சி நடக்கட்டும், நல்லது. ஆனா அனுமதி இல்லாத ஸ்டெம் செல் வைத்தியத்துக்கு நோயாளிகிட்ட காசு வாங்கக் கூடாதுன்னு ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறையே சொல்லுது.

அடுத்த தடவை பில் நீட்டினா கேளுங்க: சிகிச்சைன்னா அனுமதி எங்கே? சோதனைன்னா காசு எதுக்கு?