டேங்க் என்றால் என்ன?



போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் இங்கிலீஷ் புத்தகத்தோடு வந்தான். ஐந்தாம் வகுப்பு. ‘தி வில்லேஜ் டேங்க் இஸ் ஃபுல்’ என்ற வாக்கியத்துக்கு அர்த்தம் கேட்டேன். “மோட்டாரை ஆஃப் பண்ணணும் தாத்தா” என்றான்.

சிரித்துவிட்டேன். ஆனால் அவன் பேரில் தப்பில்லை. அவனுக்குத் தெரிந்த டேங்க் மொட்டை மாடியில் இருக்கும் கறுப்பு சின்டெக்ஸ்தான்.

இந்தச் சொல்லைப் போலப் பல வேலை பார்க்கும் சொல் குறைவு. பைக்கில் பெட்ரோல் டேங்க், வீட்டுக்குப் பின்னால் செப்டிக் டேங்க். ஆவடியில் செய்வது போர் டேங்க். அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. முதல் உலகப் போரில் பிரிட்டிஷார் அந்த வண்டியை ரகசியமாகச் செய்தார்கள். யாராவது கேட்டால் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிவைத்தார்கள். 1916 செப்டம்பரில் அது போர்க்களத்துக்கு வந்த பிறகும் அந்தப் பொய்ப் பெயரே நிலைத்துவிட்டது.

ஆனால் நம் ஊர் ஆவணங்களில் டேங்க் என்றால் ஏரி. இந்தச் சொல்லே குஜராத்தி, மராத்தியிலிருந்தும் போர்ச்சுகீசியத்திலிருந்தும் ஆங்கிலத்துக்குப் போனது என்பார்கள். ஏரி, குளம், கண்மாய், ஊருணி, தாங்கல், ஏந்தல் என்று நாம் வகை பிரித்து வைத்திருந்த எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் ஒரே சொல்லில் அடக்கிவிட்டான். மாம்பலம் பக்கம் இருந்த பெரிய ஏரிக்கு அவன் வைத்த பெயர் ‘லாங் டேங்க்’. 1920களில் அதைத் தூர்த்துத்தான் தி.நகர் உருவானது. ஏரி போய்விட்டது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடும் நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடும் மட்டும் மிச்சம்.

சொல்லுக்குப் பொருள் மாறுவது இயல்புதானே, இதற்கு ஏன் வருத்தம் என்று சிலர் கேட்கலாம். முடிச்சூர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள். 2015 டிசம்பரில் நம் தெருக்களில் படகு விட்டார்களே! எல்லாரும் செம்பரம்பாக்கத்தைத்தான் சொன்னார்கள். அந்த உபரிநீர் அடையாற்றில் சேர்வது நமக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம். நமக்கு வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்துச் சிறிய ஏரிகளின் தண்ணீர். ஓர் ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போய், கடைசியில் ஆற்றில் சேர வேண்டும். அந்த வழியில் நாம் வீடு கட்டிக்கொண்டோம். கீழே இருந்த டேங்க் நிரம்பியதால் மேலே இருக்கும் டேங்க் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம்.

மனை வாங்குகிறவர்கள் தாய்ப் பத்திரத்தில் ‘டேங்க் புறம்போக்கு’ என்று எங்காவது வருகிறதா என்று பார்க்க வேண்டும். அது தண்ணீர்த் தொட்டி நிலமல்ல, ஏரி நிலம்.

பள்ளியில் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறோம். நானும் அப்படித்தான் பல வருடம் செய்தேன். டேங்க் என்று எழுதிப்போட்ட அன்றாவது பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போயிருக்கலாம். மதகு எது, கலங்கல் எது, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று ஒருமுறை பார்த்தால் போதும், பிள்ளை மறக்காது.

இந்த ஞாயிறு காலை அந்தப் பையனை முடிச்சூர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போகிறேன். உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளையும் அனுப்புங்கள்.