ஏரியை விழுங்கியவர்கள் யார்?

தோழர்களே! தீபாவளிக்குத் துணி வாங்க தி. நகர் போகிறீர்களே, நீங்கள் நிற்கும் அந்த இடம் நூறு வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்தது தெரியுமா? தண்ணீர்! வடக்கே நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டை வரையில், மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே வளைந்து கிடந்தது ஒரு பெரிய ஏரி. வெள்ளைக்காரன் அதற்கு 'லாங் டாங்க்' என்று பேர் வைத்துப் படகுப் போட்டி நடத்தினான். அதன் மேற்குக் கரையில் இருந்த சின்னக் கிராமம்தான் மாம்பலம்.

ஏரி என்றால் என்னவென்று விவசாயத் தொழிலாளிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மழைக்கு நிறையும்; மடை திறந்தால் வயல் நனையும்; மிஞ்சிய தண்ணீர் கலங்கல் வழியே ஓடும்; கோடையில் ஊர்க் கிணறு வற்றாது. இந்த ஏரியின் உபரித் தண்ணீருக்கு வடிகால் அடையாறு.

1920ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923ல், பனகல் ராஜா தலைமையிலிருந்த ஜஸ்டிஸ் கட்சி சர்க்கார் ஏரியை வடித்துத் தூர்க்கத் தொடங்கியது. தியாகராய நகர் பிறந்தது. கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் பேர் நகருக்கு. பனகல் ராஜா பேர் பூங்காவுக்கு. டாக்டர் நாயர், உஸ்மான் பேர்கள் சாலைகளுக்கு. கூடை கூடையாக மண் சுமந்து ஏரியைத் தூர்த்தவன் பேர் எந்தச் சாலைக்கு? மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. ஏரிதான் இல்லை!

"பட்டணம் வளர வேண்டாமா, வீடு வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். யாருக்கு வீடு என்பதுதான் கேள்வி. வக்கீல்களும் பெரிய உத்தியோகஸ்தர்களும் பங்களா கட்டினார்கள். 1921ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து, போலீஸ் குண்டுக்கும் பலியான பக்கிங்காம் கர்நாடிக் மில் தொழிலாளிக்காகவா அந்த நகரத்தைக் கட்டினார்கள்?

வெள்ளைக்காரன் போன பிறகாவது புத்தி வந்ததா? நுங்கம்பாக்கத்தில் ஏரி இருந்த இடத்தில் 1976ல் வள்ளுவர் கோட்டம் திறந்தார்கள். 'நீரின்றமையாது உலகு' என்ற வள்ளுவருக்கு, நீர் நின்ற இடத்திலேயே கோட்டம்!

சட்டத்தைத் திருத்தலாம், பள்ளத்தை மேடாக்கிவிட்டதாகக் கணக்கு எழுதலாம். தண்ணீர் ஏமாறாது. பழைய தடத்தில் எஞ்சியிருப்பது தி. நகர் வழியே அடையாற்றுக்குப் போகும் மாம்பலம் கால்வாய் ஒன்றுதான். 2021 நவம்பரில் அது அடைபட்டு, ஜி.என். செட்டி ரோட்டிலும் பாண்டி பஜாரிலும் வெள்ளம் நின்றது.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் திறந்து அடையாறு பொங்கியது. பழி யார் தலையில் விழுந்தது? கரையோரக் குடிசைவாசி தலையில்! 'ஆக்கிரமிப்பாளன்' என்று பட்டம் சூட்டி, வீட்டை இடித்து, மூட்டை முடிச்சோடு பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அது எந்த இடம்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பள்ளம்! வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வெள்ளத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் கூலி பஸ் கட்டணத்தில் கரைந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பாதியில் நிற்கிறது.

ஆற்றோரம் பத்தடி நிலத்தில் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. ஏரியையே தூர்த்து மனை போட்டால் நகரமைப்பு! இது என்ன நியாயம்?

கேட்பது அதிகமில்லை. வேலை செய்யும் வட்டாரத்திலேயே வீடு கொடு! கால்வாய்களைத் தூர்வாரி வழி விடு! நீர்நிலையை அளக்கும் சங்கிலியைக் குடிசை வாசலில் மட்டும் போடாதே. பங்களா வாசலிலும் போடு!