25 செம்மஞ்சள் குமிழ், ஒரு பந்து, கொஞ்சம் பீத்தோவன்

பெக்கிளைப் பார்த்தவுடன சிரிப்புத்தான் வரும். ஒற்றைக் கொம்புக் குதிரை ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதுக்குப் பெயர் பியோர்ன். பின்னால வானவில். சின்னப்பிள்ளைகளின் பிறந்தநாள் கேக்குக்கு மேல இருக்கவேண்டிய சாமானெல்லாம் இதுக்குள்ள இருக்கு. ஆனாலும் 2007 இல் பொப்கப் நிறுவனம் வெளியிட்ட இந்தச் சின்ன விளையாட்டைப் பற்றிப் பெரிசா ஒன்று சொல்லலாம் என்பது எங்கட வாதம்.

விளையாடத் தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமா: திரை முழுக்க நீலக் குமிழ்கள். அதுக்குள்ள 25 செம்மஞ்சள். உங்களிட்ட 10 பந்து. மேல இருந்து குறிபார்த்து விடவேண்டும். பந்து பட்ட குமிழ்கள் மறையும். செம்மஞ்சள் எல்லாம் மறைஞ்சால் வெற்றி. பந்தை விட்ட பிறகு எங்கட கையில் ஒன்றுமில்லை, அது தட்டுப்பட்டுத் தட்டுப்பட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சோதனை எழுதிப்போட்டு றிசல்ட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி.

வித்தியாசம் முடிவில்தான். பந்து கடைசிச் செம்மஞ்சளுக்குக் கிட்டப் போகேக்க எல்லாம் மெதுவாகும். திரை பெரிதாகும். மேளம் உருளும். பட்டால், பீத்தோவனின் 9 ஆவது சிம்பொனியில் வரும் அந்த மகிழ்ச்சிப் பாடலின் இசை வெடிக்கும், வாணவேடிக்கையோட. 1824 இல் வியன்னாவில், காது கிட்டத்தட்ட முழுசாகக் கேளாத ஒரு மனிதர் அரங்கேற்றின இசை அது. அதை ஒரு குமிழைத் தட்டினதுக்குப் போடுகிறார்கள்! அளவுக்கு மீறின இந்தக் கொண்டாட்டம்தான் பகிடி. ஆனால் அந்தப் பகிடிக்குள்ள ஒரு பரிவும் இருக்கு. ஒன்றிலுமே படாமல் பந்து கீழ போனால்கூட, ஒரு காசைச் சுண்டிப்போட்டு "சரி, இன்னொருக்கா பாப்பம்" என்ற மாதிரிச் சிலவேளை பந்தைத் திருப்பித் தரும்.

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இது ஏன் பிடிக்குது என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு கட்டுரை நல்லா எழுதினால் வாணவேடிக்கை விடுகிற ஆக்கள் இல்லை. "ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யப்போறியள்?" என்ற கேள்விதான் கலியாண வீட்டிலும் வரும், செத்தவீட்டிலும் வரும்.

"இது சூதாட்ட மெஷின் காட்டுற அதே வித்தைதானே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெக்கிளின் வேர்களில் ஒன்று ஜப்பானின் பச்சிங்கோ. அதிர்ஷ்டத்தைத் திறமை போல உணரவைப்பதில் இரண்டுக்கும் ஒற்றுமை உண்டு. ஆனால் பெக்கிள் அந்த வித்தையைக் காட்டிவிட்டு உண்டியலை நீட்டவில்லை. தோற்றால் உடனேயே திரும்ப விளையாடலாம். சாகசப் பயணத்தில் 55 லெவல், அதோட கதை சரி.

2012 இல் வந்த கன்டி கிரஷ் சாகாவைப் பாருங்கள். 5 உயிர். ஒன்று போனால் திரும்பி வர அரை மணித்தியாலம். காத்திரு, இல்லாட்டிக் காசு கட்டு. லெவல் முடியுறதே இல்லை. அதைவிடக் கவலை, பெக்கிளுக்கே இது நடந்தது. பொப்கப்பை 2011 இல் ஈஏ வாங்கியது. 2014 இல் போனுக்கு வந்த பெக்கிள் பிளாஸ்ட்டில் அதே பந்து, அதே குமிழ்கள். ஆனால் உயிர்களை எண்ணி, இடையில கடை விரித்திருந்தார்கள். அப்ப எங்களை இழுத்தது குதிரையும் இசையும் மட்டுமில்லை. விளையாடி முடிய எங்களை வீட்டுக்குப் போகவிட்ட அந்தப் பெருந்தன்மையும்தான்.

2022 இல், நாங்கள் ஏ.எல். படிச்ச காலம், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்கள். அப்ப அண்ணாமாரின் பழைய லப்டொப்பில் பற்றரி இருக்கும்வரை ஓடின விளையாட்டு இது. டேட்டா கேட்கவில்லை, ரீலோட் கேட்கவில்லை.

"நேரத்தை வீணாக்காதேங்கோ" என்று எங்களுக்குச் சொல்லாத ஆளில்லை. பெடியள் ரோட்டில் கிரிக்கெட் அடித்தால் அது விளையாட்டு. பெட்டையள் போனோட குந்தியிருந்தால் அது வீண். இந்தக் கணக்கை நாங்கள் ஏற்கவில்லை. சும்மா சந்தோசப்பட ஒருவருக்கும் காரணம் காட்டத் தேவையில்லை. ஆனால் எங்கட நேரத்தை யார் எடுக்கினம் என்று கேட்கிற கடமை எங்களுக்கு இருக்கு. சந்தோசத்தைத் தந்துவிட்டு விடுகிற விளையாட்டு ஒன்று. சந்தோசத்தைக் காட்டிக்காட்டிக் கட்டிவைக்கிறது இன்னொன்று. இரண்டும் ஒரே மாதிரித்தான் மினுங்கும்.

அடுத்த முறை ஒரு கேமை டவுன்லோட் பண்ணேக்க, படம் வடிவா இருக்கா என்று பார்த்ததோட நிற்காமல், இது முடியுமா என்றும் ஒருக்கால் பாருங்கோ.