ஊழும் உள்ளமும்

விக்டர் ஹ்யூகோ 1862-இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவலை, கவியோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' எனத் தமிழாக்கினார். 1950-இல் அது அதே பெயரில் திரைப்படமாயிற்று. நாயகன் கந்தனாகச் சித்தூர் வி. நாகையா நடித்தார். அவரைத் துரத்தும் காவல் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், பின்னர் 'ஜாவர்' சீதாராமன் என்றே அழைக்கப்பட்டார்.

திருடன் என்றும் திருடனே என்பது ஜாவரின் துணிபு. கதை அதை மறுக்கிறது.

ரொட்டி திருடிச் சிறைப்பட்டு, 19 ஆண்டுகளுக்குப் பின் மீண்டவன் ஹ்யூகோவின் நாயகன். அடைக்கலம் தந்த பிஷப்பின் வெள்ளிப் பாத்திரங்களையே திருடிப் பிடிபடுகிறான். தாமே கொடுத்ததாகக் கூறி அவர் அவனைக் காக்கிறார். அக்கருணை அவனை நல்லவனாக்கிவிடவில்லை. நல்லவனாகும் வாய்ப்பை அவன் கையில் தந்தது.

சோதனை பின்னர் வருகிறது. பெயரை மாற்றிக்கொண்டு நகரத் தலைவனாக உயர்ந்திருக்கும் வேளையில், அவன்தான் என்று எண்ணி வேறொருவனை நீதிமன்றம் தண்டிக்கவிருக்கிறது. வாய் திறவாதிருந்தால் போதும். செல்வமும் மதிப்பும் நிலைக்கும். அவனை நம்பிய தொழிலாளர்களும் பிழைப்பார்கள். இரவெல்லாம் தன்னோடு போராடியவன், மறுநாள் நீதிமன்றத்தில், தானே அந்தக் கைதி என்று அறிவிக்கிறான். அவனை எவரும் கட்டாயப்படுத்தவில்லை.

கீதையின் இறுதி அத்தியாயத்தில் கண்ணனும், யாவற்றையும் ஆராய்ந்து விரும்பியவாறு செய்யுமாறே அர்ஜுனனிடம் கூறுகிறான். வறுமையும் சிறையும் ஊழால் வரலாம். நம் பிழைக்கு வேறொருவர் பழி சுமக்கும்போது பேசுவதா, மௌனம் காப்பதா என்பதை ஊழ் தீர்மானிப்பதில்லை.