கோட்டுக்கு வெளியே நில்லுங்கள்!

பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பெற்றோர்கள் சண்டை போடுகிறார்கள்!

இந்தக் காட்சியை இப்போது பல ஊர்களில் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில், சிறுவர்களின் கிரிக்கெட் பந்தயம் நடக்கும் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே 10 வயதுப் பையன்கள் ஆடுகிறார்கள். வெளியே அப்பாக்கள் நிற்கிறார்கள்.

"இறங்கி வந்து அடிடா!" என்கிறார் அப்பா.

"இறங்காதே. நின்று ஆடு" என்கிறார் கோச்.

பையன் யார் பேச்சைக் கேட்பான்? அப்பா பேச்சைக் கேட்டால் கோச் திட்டுவார். கோச் பேச்சைக் கேட்டால் வீட்டில் திட்டு விழும். இவன் யோசித்து முடிப்பதற்குள் பந்து வந்து ஸ்டம்பைச் சாய்த்துவிட்டுப் போகிறது!

"அது நோ-பால்! உனக்குக் கண் தெரியவில்லையா?" என்று அப்பா நடுவரிடம் சண்டைக்குப் போகிறார். பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறான். அவுட் ஆனதுகூட அவனுக்குப் பெரிய வருத்தம் இல்லை. கூட்டாளிகள் முன்னால் அப்பா இப்படிக் கத்துகிறாரே என்பதுதான் வெட்கம்.

பெற்றோரின் ஆசையைக் குறை சொல்ல முடியாது. காலை 5 மணிக்கு எழுந்து பிள்ளையை ஸ்கூட்டரில் ஏற்றி வருகிறார்கள். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மட்டை வாங்கித் தருகிறார்கள். பூட்சு வாங்கித் தருகிறார்கள். கிளப்புக்குப் பணம் கட்டுகிறார்கள். இவ்வளவும் செய்தவருக்கு, பிள்ளை தோற்றால் மனம் பதறத்தான் செய்யும்.

ஆனால், பதறுகிற மனம் மைதானத்துக்குள் நுழையலாமா? கூடாது!

கொலையில் முடிந்த சண்டை

"ஆட்டம் என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும். இதையெல்லாம் பெரிதுபடுத்தலாமா?" என்று சிலர் கேட்பார்கள்.

சத்தம் எங்கே போய் முடியும் என்பதற்கு, அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லலாம்.

2000-ம் ஆண்டு, ஜூலை மாதம் 5-ந் தேதி. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரெடிங் என்ற ஊர். அங்கே சிறுவர்கள் பனித்தரையில் ஆக்கி விளையாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். அது பந்தயம்கூட இல்லை. வெறும் பயிற்சிதான். ஒரு பையனின் தந்தை அதை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார்.

"பையன்களை முரட்டுத்தனமாக ஆட விடுகிறீர்களே" என்று இன்னொரு பையனின் தந்தை அவரிடம் சண்டைக்குப் போனார். வாய்ச்சண்டை கைச்சண்டை ஆயிற்று. மேற்பார்வை செய்தவர் கீழே விழுந்தார். அவருக்குச் சரமாரியாக அடி விழுந்தது. நினைவு இழந்தவர், பிறகு இறந்து போனார்.

இருவரின் பிள்ளைகளும் அங்கேயே இருந்தார்கள்!

அடித்தவர் மீது வழக்கு நடந்தது. 2002-ம் ஆண்டு ஜனவரியில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு ஆயிற்று. 6 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைத்தது.

முரட்டு ஆட்டம் கூடாது என்று சொல்லத்தான் அவர் போனார். நியாயமான பேச்சுதான். அதைச் சொல்லவேண்டிய நேரத்தில், சொல்லவேண்டிய முறையில் சொல்லியிருந்தால், ஒரு குடும்பம் தந்தையை இழந்திருக்காது. இன்னொரு குடும்பத்தின் தந்தை சிறைக்குப் போயிருக்கமாட்டார்.

கையெழுத்துப் போட்டால்தான் ஆட்டம்

இந்தச் சம்பவத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே, அதே அமெரிக்காவில் ஒரு விளையாட்டுச் சங்கம் விழித்துக்கொண்டது. புளோரிடா மாநிலத்தில் ஜூபிடர் என்ற ஊரில் உள்ள சங்கம் அது. "பெற்றோர் நன்னடத்தை வகுப்புக்கு வரவேண்டும். ஒழுங்காக நடப்போம் என்று கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் உங்கள் பிள்ளைக்கு ஆட்டம் இல்லை" என்று அந்தச் சங்கம் விதி செய்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை போவது வழக்கம். இங்கே பெற்றோர் போனார்கள்!

இங்கிலாந்தில் கால்பந்துச் சங்கம் 2008-ம் ஆண்டில் "மரியாதை" என்ற பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. சிறுவர் பந்தயங்களில், ஆடுகளத்துக்கு வெளியே தனியாக ஒரு தடுப்புக் கோடு. பெற்றோர் அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும்.

இதற்கு என்ன பெரிய செலவு? நம் ஊரில் ஒரு கயிறும் நான்கு கம்புகளும் போதும். ஆனால் அந்தக் கயிறு ஒரு பாடம் சொல்லும். ஆடுவது பிள்ளையின் வேலை. சொல்லிக் கொடுப்பது கோச்சின் வேலை. தீர்ப்புச் சொல்வது நடுவரின் வேலை. பெற்றோருக்கு உள்ள வேலை, கை தட்டுவது!

கை தட்டுவதிலும் ஒரு முறை உண்டு. நம் பிள்ளை நன்றாக ஆடினால் தட்டலாம். எதிர்த்தரப்புப் பிள்ளை நன்றாக ஆடினாலும் தட்டவேண்டும். அவன் தவறு செய்தால் தட்டக்கூடாது. அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே?

மூலையில் நின்ற தாய்

ஒதுங்கி நிற்கும் பெற்றோருக்குப் பெருமை கிடையாதா? தமிழ்நாட்டுச் சதுரங்க வீரர்களின் வீட்டைப் பாருங்கள்.

2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அசர்பைஜான் நாட்டின் பாகு நகரில் உலகக் கோப்பைச் சதுரங்கப் போட்டி நடந்தது. சென்னைப் பையன் பிரக்ஞானந்தா இறுதி ஆட்டம் வரை போய், 2-வது இடம் பெற்றார். அந்தப் போட்டியில் அவர் பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது எடுத்த ஒரு படம் உலகமெங்கும் பரவியது. படத்தில் அவருக்குப் பின்னால், ஓரமாக, ஓர் அம்மாள் நிற்கிறார். முகம் நிறையச் சிரிப்பு. அவர்தான் தாய் நாகலட்சுமி.

அவர் செய்த வேலை என்ன? மகனோடு ஊர் ஊராகப் போவார். போகிற இடத்துக்கு அடுப்பையும் மசாலாச் சாமானையும் தூக்கிப் போவார். ரசம் வைத்துச் சோறு போடுவார். ஆட்டம் நடக்கும்போது ஒதுங்கி இருப்பார்.

2024-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி, சிங்கப்பூரில் சென்னை வீரர் குகேஷ் சீன வீரர் டிங் லிரெனை வென்று, உலக சாம்பியன் ஆனார். வயது 18. தந்தை மண்டபத்துக்கு வெளியே காத்துக்கொண்டிருந்தார்.

வென்றதும் குகேஷ் குலுங்கி அழுதார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? பலகையில் காய்களை மறுபடி வரிசையாக அடுக்கி வைத்தார்! நிருபர்களிடம் பேசும்போது, தோற்ற டிங் லிரெனைப் புகழ்ந்தார். உலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த நேரத்திலும் அவர் பழக்கம் மாறவில்லை.

பட்டம் ஒரு நாளில் கிடைக்கும். பழக்கம் ஒரு நாளில் வராது.

பிள்ளைகள் பழகவேண்டியது

அந்தப் பழக்கங்கள் கடினமானவை அல்ல. சொன்ன நேரத்துக்கு வரவேண்டும். ஆடி முடித்தபின் சாமான்களை எடுத்து வைக்கவேண்டும். அதைச் சின்னப் பையன்கள் தலையில் கட்டக்கூடாது. நடுவர் கை தூக்கினால், முணுமுணுக்காமல் வெளியே போகவேண்டும். ஜெயித்தாலும் தோற்றாலும் எதிராளியோடு கை குலுக்கவேண்டும். நன்றாக ஆட வராத கூட்டாளியைக் கேலி செய்யக்கூடாது. அடிபட்டால் மறைக்கக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையாக ஆடவேண்டும்.

1980-ம் ஆண்டு பிப்ரவரியில், பம்பாயில் இந்தியாவும் இங்கிலாந்தும் மோதின. இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட்டை இழந்து தவித்துக்கொண்டிருந்தது. அப்போது பாப் டெய்லர் அவுட் என்று நடுவர் சொல்லிவிட்டார். இந்தியக் கேப்டன் விசுவநாத் பக்கத்தில் நின்றவர். பந்து மட்டையில் படவில்லை என்று அவருக்குத் தோன்றியது. நடுவரிடம் சொல்லி, டெய்லரைத் திரும்ப அழைத்தார்.

டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் குவித்தார்கள். இந்தியா தோற்றது!

அந்தப் பந்தயம் இன்றும் பேசப்படுவது எதனால்? ஜெயித்த இங்கிலாந்தால் அல்ல. விசுவநாத்தின் அந்த ஒரு செயலால்தான்.

வயதில் ஒரு பொய்

பிள்ளைக்கு உண்மையைச் சொல்லிக் கொடுக்கவேண்டிய பெற்றோரே, சில சமயம் பொய்யைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். 15 வயதுப் பையனை 13 வயது என்று காட்டி, சின்னப் பிள்ளைகளின் பந்தயத்தில் ஆட விடுகிறார்கள். "ஒரு பரிசு கிடைத்தால் நல்லதுதானே" என்பது அவர்கள் நினைப்பு.

அந்தப் பரிசு உண்மையில் யாருடையது? 13 வயதுப் பையன் ஒருவனுடையது. அவன் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறான்.

2015-ம் ஆண்டு டிசம்பரில், பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் ராகுல் திராவிட் இதைக் கண்டித்தார். பிறந்த தேதியைப் பெற்றோரோ கோச்சோ மாற்றும்போது, ஏமாற்றுவது தவறில்லை என்று அந்தப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

2020-ம் ஆண்டில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஒரு திட்டம் அறிவித்தது. வயதைத் தவறாகக் காட்டியவர்கள் தாமே முன்வந்து ஒப்புக்கொண்டால் தண்டனை இல்லை. மறைத்துப் பிடிபட்டால் 2 ஆண்டு தடை!

பொய் சொன்னது அப்பா. வீட்டில் உட்காருவது பிள்ளை. இது நியாயமா?

வீடு திரும்பும் வழியில்

பந்தயம் முடிகிறது. பிள்ளை ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்காருகிறது. வண்டி கிளம்புவதற்கு முன்பே விசாரணை ஆரம்பம்!

"அந்தக் கேட்சை ஏன் விட்டாய்? அவனைப் பார், எப்படி ஆடுகிறான்! உனக்குப் போய்ப் பணத்தைக் கொட்டுகிறேனே!"

பிள்ளைக்குத் தன் தவறு தெரியாதா? கேட்சை விட்டது அதன் கைதானே? மைதானத்தில் ஒரு முறை தோற்றது. வழியெல்லாம் இன்னொரு முறை தோற்கிறது. இப்படி நாலு ஞாயிற்றுக்கிழமை நடந்தால், ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை "வயிற்று வலி" என்று படுத்துக்கொள்ளும்!

அன்றைக்கு ஆட்டத்தைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். "பசிக்கிறதா? இட்லி சாப்பிடலாமா?" என்று கேளுங்கள். சொல்லவேண்டியது இருந்தால், பிள்ளை தானாகச் சொல்லும். தவறைத் திருத்துவதற்கு நாளைக்குக் கோச் இருக்கிறார்.

கேட்கவேண்டியதைக் கேளுங்கள்

கோட்டுக்கு வெளியே நில்லுங்கள் என்றால், கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம் இல்லை.

பெற்றோர் தட்டிக் கேட்கவேண்டிய விஷயங்கள் உண்டு. குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா? முதலுதவிப் பெட்டி இருக்கிறதா? பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இருக்கிறதா? கடைசிப் பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும் வரை பொறுப்பான ஆள் யார் நிற்கிறார்? இவற்றையெல்லாம் பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே கேட்கவேண்டும்.

கோச் பிள்ளையை அடித்தாலோ, அசிங்கமாகத் திட்டினாலோ பொறுக்கவேண்டாம். கிளப் நிர்வாகியிடம் அன்றைக்கே புகார் செய்யுங்கள். தகாத முறையில் யாராவது தொட்டார்கள் என்று பிள்ளை சொன்னால், அதை அப்படியே நம்புங்கள். "வெளியே சொல்லாதே" என்று வாயை அடைக்காதீர்கள். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைக் காப்பதற்காகவே 2012-ம் ஆண்டில் "போக்சோ" சட்டம் வந்திருக்கிறது. போலீசுக்குப் போகலாம். 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

"என் பையனுக்கு ஏன் ஆட இடம் தரவில்லை?" என்ற கேள்வி வேறு. அதைப் பந்தயத்தின் நடுவே கேட்கவேண்டாம். பிள்ளை முன்னாலும் கேட்கவேண்டாம். மறுநாள் கோச்சைத் தனியாகப் பார்த்து, "என் பையன் எதில் இன்னும் தேறவேண்டும்?" என்று கேளுங்கள். கேள்வியை மாற்றினால் பதிலும் மாறும்.

கிளப் நடத்துகிறவர்களுக்கு

கிளப் நடத்துகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. பணம் வாங்கும்போது ரசீது கொடுக்கிறார்கள். அதோடு விதிகளை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கலாம். விதிகள் தமிழில் இருக்கவேண்டும். பத்துப் பன்னிரண்டு வரி போதும். பிள்ளைக்கு ஒரு கையெழுத்து, பெற்றோருக்கு ஒரு கையெழுத்து, கோச்சுக்கும் ஒரு கையெழுத்து. படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வாசித்துக் காட்டவேண்டும்.

விதியை மீறினால் என்ன என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும். முதல் தடவை எச்சரிக்கை. மறுபடி செய்தால், சத்தம் போட்ட பெற்றோர் சில வாரங்கள் மைதானத்துப் பக்கம் வரக்கூடாது. ஆனால் பிள்ளையை நிறுத்தக் கூடாது. அப்பா செய்த தவறுக்குப் பிள்ளை ஏன் ஆட்டத்தை இழக்கவேண்டும்?

பணம் அதிகம் கட்டுகிறவர், ஊரில் பெரிய மனிதர் என்று பார்க்காமல், எல்லோருக்கும் ஒரே விதியாக இருக்கவேண்டும். ஒருவருக்கு விட்டுக் கொடுத்தால் கயிறு அறுந்துவிடும்.

கிளப்பில் சேரும் பிள்ளைகளில் உலக சாம்பியன் ஆகப்போகிறவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் கடை வைப்பார்கள். வேலைக்குப் போவார்கள். குடும்பம் நடத்துவார்கள். அங்கேயும் தோல்வி வரும். அங்கேயும் பிடிக்காத தீர்ப்பு வரும். அப்போது கத்தாமல், பொய் சொல்லாமல், மறுபடி எழுந்து நிற்கத் தெரிந்திருந்தால், கட்டிய பணம் வீண் போகவில்லை.

அடுத்த பந்தயத்துக்குப் போகும்போது, கோட்டுக்கு வெளியே நில்லுங்கள். கை தட்டுங்கள். ஆடவேண்டியதைப் பிள்ளை ஆடிக்கொள்ளும்!