பொங்கல் அடுப்பில் எதை எரிப்பது?

பொங்கல் நெருங்கினால் தாணேத் தமிழ்க் குடும்பங்களில் பானை, கரும்பு, மஞ்சள் கொத்து பற்றிய பேச்சு எழுகின்றது. விறகைப் பற்றி எண்ணுவோர் சிலரே. ஆண்டு முழுவதும் எரிவாயுவில் சமைக்கும் நமக்கு இது இயல்புதான். தாராவியின் 90 அடிச் சாலையில் தாய்மார்கள் வரிசையாகப் பொங்கலிடுவது போல நாமும் கட்டட முற்றத்தில் கல் கூட்டுகிறோம். கடைசி நேரத்தில் அகப்பட்டதெல்லாம் அடுப்பினுள் போகின்றது.

இதில் அபாயம் உண்டு. ஒட்டுப்பலகையின் பசை எரிந்தால் பார்மால்டிஹைடு என்னும் நச்சு வாயு எழும். பழைய வர்ணம் பூசிய சட்டங்களில் ஈயம் இருக்கக்கூடும். செல்லரிக்காதிருக்க மருந்தேற்றிய மரத்தில் ஆர்சனிக் இருப்பின், அது சாம்பலிலும் தங்கும். அடுப்பை ஊதுபவர் தாய். அருகே நின்று "பொங்கலோ பொங்கல்" என்று கூவுவோர் குழந்தைகள். அந்தப் புகை முதலில் சேர்வது அவர்கள் நெஞ்சில்தான்.

நம் கைக்கு எட்டிய நல்ல எரிபொருள் சிரட்டையே. தேங்காய் உடைக்காத தமிழ் வீடு ஏது? நாரை நீக்கி, மார்கழி முழுவதும் வெயிலில் காயவைத்துச் சேர்த்தால் போதும்; நின்று எரியும், சாம்பலும் குறைவு. விறகு வாங்குவோர் 6 மாதமாவது உலர்ந்ததைக் கேட்டு வாங்குக. பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி நீர். அது வற்றும்வரை புகையே மிஞ்சும். இரு கட்டைகளைத் தட்டினால் கணீரென ஒலிக்கவேண்டும். தீ மூட்டக் காய்ந்த தென்னோலை போதும், மண்ணெண்ணெய் வேண்டா. யேயூர்க் காடு தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. அங்கே சுள்ளி ஒடிப்பதும் குற்றம். எஞ்சிய தணலை நீரூற்றி அணைத்துவிடுக. குளிருக்கென்று அதை வீட்டுக்குள் கொண்டுசெல்லலாகாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணமின்றியே உயிரை வாங்கும்.

குளிர்காலத்தில் புகை மேலெழாது தாழ்ந்தே நிற்கும். விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் 6 மாதத்திற்குள் தூய எரிபொருளுக்கு மாறவேண்டுமென்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஆணையிட்டது. அவ்வாணை நம் பொங்கலைப் பற்றியதன்று. ஆயினும் மேல்மாடியில் இருமுகின்ற முதியவர் நம் அண்டை வீட்டாரே. ஆகவே, நான்கு குடும்பங்கள் கூடி ஓர் அடுப்பில் பொங்கலிடுமாறும், இன்றே சிரட்டை சேர்க்கத் தொடங்குமாறும் அன்பர்களை வேண்டுகிறோம். பால் பொங்கட்டும், புகை குறையட்டும்.